சித்தப்பாவின் தேன் பெட்டியும் மையமில்லா இணையமும்

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகும் பாதையில் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் சித்தப்பாவுக்கு நூற்றுச் சொச்சம் தேன் பெட்டிகள் இருக்கின்றன. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர் விடும் காலம்தான் அவருக்கு அறுவடை. ரப்பர் தேன் பூவிலிருந்து வருகிறது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இளந்தளிரின் காம்பில் ஓர் இனிப்பு சுரக்கும். ஈக்கள் உறிஞ்சி வருவது அதைத்தான். இதை அவர் ஒரு வீடியோவாக எடுத்துச் சமூக வலைத்தளம் ஒன்றில் போட்டார். அது எப்படியோ பரவி, அவர் பக்கத்தில் நாலாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆறு வருடம் சென்னை, கோவை, பெங்களூரு என்று அந்தப் பக்கம் வழியாகவே விற்றார்.

ஒரு மாசி மாதக் காலையில் பக்கம் திறக்கவில்லை. கணக்கு விதிகளை மீறிவிட்டது என்று ஒற்றை வரி. எந்த விதி, எந்தப் பதிவு, ஒன்றும் இல்லை. முறையீடு அனுப்பினோம். எந்திரம்தான் பதில் எழுதியது, அதுவும் நன்றி சொல்லி. நான் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் என்பதால் பிரிண்டர் ஓடாததிலிருந்து ஆதார் இணைப்பு வரை வீட்டில் எல்லாமே என் தலையில்தான் வந்து விழும். இதுவும் விழுந்தது.

"மக்கா, பேஜ் போனா போட்டும். எனக்க ஆளுகளுக்க நம்பராவது அவன் தருவானா?"

தர மாட்டான். நம்பர் அவரிடம் என்றைக்குமே இருந்ததில்லை. நாலாயிரம் பேரும் தன் வாடிக்கைக்காரர்கள் என்று சித்தப்பா நினைத்திருந்தார். அவர்களோடு பேசும் ஒரே வாசலின் சாவி வேறொருவர் இடுப்பில் தொங்கியிருக்கிறது.

'மையமில்லா இணையம்', 'டீசென்ட்ரலைஸ்டு வெப்', 'வெப்3' என்றெல்லாம் இப்போது அடிக்கடி காதில் விழுகிறதே, அந்தப் பேச்சின் அடியில் இருப்பது சித்தப்பாவின் கேள்விதான். ஓர் இடத்தை விட்டு நான் கிளம்பினால் என் பெயர், என் ஆட்கள், நான் எழுதி வைத்தவை எல்லாம் என்னோடு வருமா? தேனீ வளர்ப்பவருக்கு இதை விளக்குவது சுலபம். பெட்டியில் இடம் போதாமல் கூட்டம் பிரியும்போது பழைய ராணியோடு பாதி ஈக்கள் கிளம்பும். கிளம்பும் முன் ஒவ்வொன்றும் வயிறு முட்டத் தேனைக் குடித்துக்கொள்ளும். போகிற இடத்தில் மெழுகு சுரந்து புது அடை கட்ட வேண்டுமே, அதற்கு. வெறும் வயிற்றோடு எந்தக் கூட்டமும் வீடு மாறுவதில்லை. நாம்தான் மாறுகிறோம்.

நடு என்று ஒன்று இல்லாத காலம்

இணையம் எப்போதுமே பெரிய கம்பெனிகளுடையது, இப்போதுதான் சிலர் அதைப் பிரித்துப் போடப் பார்க்கிறார்கள் என்று ஓர் எண்ணம் உண்டு. கதை நேர் எதிர்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பால் பாரன் என்ற பொறியாளர் ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அணுகுண்டு விழுந்த பிறகும் செய்தி போய்ச் சேர என்ன வழி? அன்றைய தொலைபேசியில் கம்பிகள் எல்லாம் ஓர் எக்ஸ்சேஞ்சில் போய் முடியும். எக்ஸ்சேஞ்ச் போனால் ஊரே ஊமை. 1964ல் வெளியான அறிக்கைகளில் அவர் ஒரு படம் வரைந்தார். பார்த்தால் அச்சு அசல் மீன்வலை. குளச்சலில் வலை பின்னும் யாரிடமாவது அதைக் காட்டினால் உடனே புரிந்துவிடும்: நாலு கண்ணி அறுந்தாலும் மீதி வலை வேலை செய்யும்.

அந்த வலையில் செய்தி எப்படிப் போகும்? துண்டு துண்டாக. இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்பவர் தனியாக இதே யோசனைக்கு வந்து, அந்தத் துண்டுக்குப் 'பாக்கெட்' என்று பெயர் வைத்தார். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பத்து அட்டைப்பெட்டி தேன் பாட்டில் அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். ஒரே லாரியில் ஏற்றினால், தக்கலை நெரிசலில் லாரி மாட்டும்போது பத்தும் மாட்டும். பெட்டிகளுக்கு 1 முதல் 10 வரை எண் போட்டு, எல்லாவற்றிலும் விலாசம் ஒட்டி, கிடைக்கிற வண்டியில் ஏற்றிவிட்டால்? சில தக்கலை வழியாகப் போகும். சில கருங்கல், திங்கள்சந்தை என்று சுற்றிக்கொண்டு போகும். ஏழாவது பெட்டி மூன்றாவதற்கு முன்னால் வந்து நிற்கலாம். பரவாயில்லை, நாகர்கோவிலில் இருப்பவர் எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்வார். ஐந்தாவது வரவே இல்லையென்றால் 'அதை மட்டும் திரும்ப அனுப்பு' என்பார். (இந்த இடத்தில் உவமை உதைக்கும். பாக்கெட்டுக்கு நகல் உண்டு, தேனுக்குக் கிடையாது.)

1969 அக்டோபர் 29 அன்று அர்ப்பாநெட் என்ற வலையமைப்பில், கலிபோர்னியாவின் இரண்டு கணினிகளுக்கு நடுவே முதல் செய்தி போனது. 'லாகின்' என்று தட்ட ஆரம்பித்தார்கள்; முதல் இரண்டு எழுத்து போனதும் மறுமுனைக் கணினி படுத்துவிட்டது. இணையத்தின் முதல் செய்தியே ஒரு கோளாறு. அணுகுண்டுக்குப் பயந்து கட்டியதுதான் அர்ப்பாநெட் என்று ஒரு கதை இன்னும் சுற்றுகிறது. பாரனின் கவலை அது, உண்மை. ஆனால் அர்ப்பாநெட்டைக் கட்டியவர்களுக்கு, ஆங்காங்கே இருந்த விலை உயர்ந்த கணினிகளைப் பல ஊர் ஆராய்ச்சியாளர்களும் பகிர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பதுதான் தேவை.

அப்புறம் ஒரு சிக்கல் வந்தது. ஆளாளுக்கு ஒரு வலையமைப்பு வைத்திருந்தார்கள். ஒன்று பேசுவது மற்றொன்றுக்குப் புரியாது. விண்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974ல் ஒரு பொது நெறிமுறையை எழுதினார்கள். அது வளர்ந்து டிசிபி/ஐபி ஆகி, 1983 ஜனவரி 1 முதல் அர்ப்பாநெட் முழுவதும் அதற்கு மாறியது. நெறிமுறை என்றால் புரோட்டோகால். இப்படித்தான் பேசிக்கொள்வோம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி. நாம் தினமும் கையில் வைத்திருக்கும் ஓர் உதாரணம் யுபிஐ. தொடுவெட்டிச் சந்தையில் மரச்சீனி விற்கும் அக்கா போன்பே அட்டை வைத்திருக்கிறார். உங்களிடம் கூகுள் பே. ஸ்கேன் செய்தால் காசு போய்விடுகிறது. கம்பெனி வேறு, வங்கி வேறு, விதி ஒன்று. ஆனால் உங்கள் வாட்ஸ்அப்பிலிருந்து என் டெலிகிராமுக்கு ஒரு 'சரி' அனுப்ப முடியுமா? முடியாது. காசு தாண்டும் வேலியை ஒரு சொல்லால் தாண்ட முடியவில்லை என்பது யோசித்துப் பார்த்தால் வினோதம்தான். யுபிஐக்கும் நடுவில் என்பிசிஐ என்ற ஒரு நிறுவனம் உட்கார்ந்திருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் ஒரே விதியில் பேசுவது வேறு, நடுவே யாரும் இல்லாமல் இருப்பது வேறு.

யுபிஐயைவிடப் பழைய உதாரணம் மின்னஞ்சல். 1971ல் ரே டாம்லின்சன் பெயருக்கும் இடத்துக்கும் நடுவே அந்தச் சுழித்த குறியைப் போட்டபோதே, ஆள் ஒருபக்கம், அவர் இருக்கும் இடம் ஒருபக்கம் என்று பிரித்துவிட்டார். ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்குப் போகும். அங்கிருந்து கலெக்டர் ஆபீஸ் முகவரிக்கும் போகும். மின்னஞ்சலுக்கு ஒரு முதலாளி இல்லை.

இந்த அடித்தளத்தின் மேல்தான் வலை, அதாவது வெப், வந்து உட்கார்ந்தது. 1989ல் ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்கு விட்டுக்கொடுத்தது. என்னைக் கேட்டால் இணைய வரலாற்றில் முக்கியமான தேதி இதுதான். உங்கள் பக்கத்தை நீங்களே ஒரு கணினியில் வைக்கலாம். இன்னொருவர் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்க யாரையும் கேட்க வேண்டாம்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் வழியாக வந்தது. தமிழ் அதற்குள் புகுந்த கதை தனி. ஒவ்வொரு தளமும் 'என் எழுத்துருவை இறக்கிக்கொள்' என்று சொல்லும். இறக்காவிட்டால் திரை முழுக்கக் கிறுக்கல். அந்தச் சிரமத்துக்கு நடுவிலும் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. ஆளுக்கொரு நாட்டில் உட்கார்ந்து, ஆளுக்குச் சில பக்கம் என்று தட்டச்சு செய்தே பழைய இலக்கியங்களை வலையில் ஏற்றினார்கள். பிறகு எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாக யூனிகோடு வந்தது, வலைப்பதிவுகள் பெருகின. எழுத்து அவரவர் வீட்டில் இருக்கும். திரட்டிகள் 'இன்னார் வீட்டில் இன்று இது புதிது' என்று சேதி மட்டும் சொல்லும். திரட்டி மூடிப்போனாலும் எழுத்து போகாது. அந்த ஏற்பாட்டின் அருமை அப்போது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

எப்படி நாலு வாசலுக்குள் அடங்கியது

யாரும் துப்பாக்கி காட்டிக் கூப்பிடவில்லை. நாமாகத்தான் போனோம்.

சொந்தமாக ஒரு தளம் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சர்வர் வாடகை, அப்டேட், ஹேக் ஆனால் தலைவலி, பேக்கப். ஃபேஸ்புக் 2004ல் வந்தது, யூடியூப் 2005ல், ட்விட்டர் 2006ல். பெயரும் பாஸ்வேர்டும் போதும், மீதி அவர்கள் பாடு. காசும் வேண்டாம். ஸ்மார்ட்போன் வந்த பிறகு நம்மில் பலருக்கு இணையம் என்றாலே அந்த நாலைந்து செயலிகள்தான் என்று ஆனது. சித்தப்பா தன் வாழ்நாளில் பிரவுசரில் ஒரு முகவரியைக் கையால் தட்டியதில்லை. இந்தக் கம்பெனிகள் இல்லாவிட்டால் ரப்பர் தோட்டத்து ஓரத்திலிருந்து பெங்களூருக்கு அவர் தேன் விற்றிருக்கவும் மாட்டார். மையப்படுத்தல் என்றாலே தீது என்று பேசுகிறவர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், ஆட்கள் சேரச் சேர அங்கேயே இன்னும் ஆட்கள் சேருவார்கள். உங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கும்போது வேறு ஒன்று எவ்வளவு நன்றாக இருந்தாலும் நீங்கள் தனியாகப் போய் என்ன செய்வீர்கள்? 2014ல் ஃபேஸ்புக் சுமார் 1,900 கோடி டாலர் கொடுத்து வாட்ஸ்அப்பை வாங்கியபோது, வாங்கியது மென்பொருளை மட்டும் இல்லை. நம் அத்தைமார், மாமன்மார் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கிறார்களே, அந்த இருப்பையும் சேர்த்துத்தான்.

கதவைத் திறந்து வைத்துவிட்டு அப்புறம் சாத்தியதும் உண்டு. 2005ல் கூகுள் கொண்டுவந்த ஜிடாக் என்ற அரட்டை வசதி, எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறையில் ஓடியது. வேறு சர்வர் வைத்திருந்தவர்களும் ஜிடாக்காரர்களோடு பேச முடிந்தது. 2013ல் அதன் இடத்துக்கு ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்த வசதி அதில் இல்லை. வெளியே நின்றவர்கள் வெளியேதான். வீடே மொத்தமாக இடிந்த கதையும் உண்டு: லட்சக்கணக்கானவர்கள் சொந்தப் பக்கம் கட்டிய ஜியோசிட்டீஸ் 2009ல் மூடப்பட்டது. நம்மூர்க் கல்லூரிப் பிள்ளைகள் விழுந்து கிடந்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று போனது.

ஒரே கூரையின் அடியில் எல்லாம் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2021 அக்டோபர் 4 காட்டியது. இந்திய நேரம் இரவு ஒன்பது மணியைத் தாண்டியதும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க நின்றன. ஏறத்தாழ ஆறு மணி நேரம். தாக்குதல் ஏதும் இல்லை. பராமரிப்பு வேலையில் போன ஒரு தவறான கட்டளை. 'எங்கள் வீட்டுக்கு வழி இது' என்று மற்ற வலையமைப்புகளுக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் அறிவிப்பு நின்றுவிட்டது. வீடு அங்கேயே இருக்கிறது. ஊரில் இருந்த வழிகாட்டிப் பலகை எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போனது மாதிரி. சரிசெய்யும் கருவிகளும் அதே வலையமைப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தன என்பதால் பொறியாளர்களே உள்ளே போக முடியாமல் திண்டாடினார்கள். பாரன் 1964ல் வரைந்த மீன்வலை அன்றிரவும் நன்றாகத்தான் இருந்தது. அதன் மேல் நாம் மறுபடியும் ஓர் எக்ஸ்சேஞ்சைக் கட்டி வைத்திருந்தோம்.

இப்போது என்ன முயற்சிகள்

முதல் வகை, மின்னஞ்சலின் பழைய யோசனையைச் சமூக வலைத்தளத்துக்குக் கொண்டுவருவது. இதைக் கூட்டமைப்பு என்று சொல்லலாம். தெரிந்த உதாரணம் மாஸ்டடான். 2016ல் ஜெர்மனியிலிருந்து ஆய்கன் ரோக்கோ என்ற இளைஞர் ஆரம்பித்தார். ட்விட்டர் போலவே தோன்றும். ஆனால் ஒரே கம்பெனியின் சர்வரில் இராது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன சர்வர்கள். ஒன்றை ஒரு பல்கலைக்கழகம் நடத்தும், ஒன்றை நாலு நண்பர்கள் நடத்துவார்கள். நாகர்கோவிலில் ஒரு குழு சர்வர் வைத்து, அதில் நீங்கள் கணக்குத் தொடங்கினால், பெர்லினில் உள்ள சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் போடலாம். எல்லாம் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் பேசுகின்றன. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018ல் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் ட்விட்டரை 4,400 கோடி டாலருக்கு வாங்கியபோது ஒரு பெருங்கூட்டம் மாஸ்டடானுக்குப் படையெடுத்தது. அதில் கணிசமானோர் சில மாதத்தில் திரும்பியும் போனார்கள். எந்த சர்வரில் சேருவது என்ற முதல் கேள்வியிலேயே பாதிப் பேருக்குத் தலை சுற்றிவிட்டது என்பது என் அனுமானம்.

மாஸ்டடானில் எனக்குப் பிடித்தது வீடு மாறும் வசதி. நடத்துபவர் பிடிக்கவில்லை, அல்லது அவர் சர்வரை மூடப் போகிறார் என்றால், வேறு சர்வரில் கணக்குத் திறந்து 'நான் இங்கே வந்துவிட்டேன்' என்று ஓர் அறிவிப்புக் கொடுத்தால் போதும். பின்தொடர்பவர்கள் தாமாகவே புது முகவரிக்கு மாறிவிடுவார்கள். பழைய பதிவுகள் மட்டும் கூட வருவதில்லை. இதைச் சொன்னதும் சித்தப்பா சட்டென்று பிடித்துக்கொண்டார்: "அப்போ ஈ வரும், அடை வராது. அது போதும்டே, அடை கெட்டிக்கிடலாம்."

ப்ளூஸ்கை என்ற இன்னொன்று, 2024 பிப்ரவரியிலிருந்து எல்லோருக்கும் திறந்திருப்பது, அடையையும் எடுத்துப் போகலாம் என்கிறது. அதில் உங்கள் சொந்த டொமைனையே, அதாவது உங்கள் பெயரில் எடுத்த வலை முகவரியையே, பெயராக வைக்கலாம், பதிவுகளை வேறு சர்வருக்கு நகர்த்தலாம். ஆனால் நடைமுறையில் மிகப் பெரும்பாலோர் அந்தக் கம்பெனியின் சர்வரிலேயே இருக்கிறார்கள். கதவு திறந்திருப்பதற்கும் ஆட்கள் அதன் வழியே நடப்பதற்கும் தூரம் அதிகம்.

அடுத்தது, சர்வரே இல்லாமல் கணினிக்குக் கணினி நேராகப் பேசுவது. 1999ல் வந்த நாப்ஸ்டரில் பாட்டுகள் அவரவர் கணினியில்தான் இருந்தன. எந்தப் பாட்டு யாரிடம் என்ற பட்டியல் மட்டும் நடுவில் ஒரு சர்வரில். 2001ல் நீதிமன்றம் அந்தப் பட்டியலைப் பிடித்தது, நாப்ஸ்டர் முடிந்தது. அதே ஆண்டு வந்த பிட்டோரண்ட் இதில் பாடம் படித்து வளர்ந்தது. கோப்பைத் துண்டாக்கி எல்லோரும் எல்லோருக்கும் கொடுத்துக்கொள்வார்கள்; பிற்பாடு அந்தப் பட்டியலையும் துண்டு போட்டு ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒன்றைப் பிடித்தால் மொத்தமும் நிற்காது. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகளில் இருக்கும் வயர்லெஸ் பெட்டி கிட்டத்தட்ட இதுதான். கடலில் டவர் கிடையாது. தொலைவில் இருக்கும் படகுக்குச் சத்தம் எட்டவில்லையென்றால் நடுவில் நிற்கும் படகுக்காரர் கேட்டு அந்தப் பக்கம் சொல்லிவிடுவார். அவருக்கு ஒரு காசு வரவில்லை. நாளைக்கு அவருக்கு அது தேவைப்படும்.

இந்தக் குடும்பத்தில் ஐபிஎஃப்எஸ் என்று ஒன்று உண்டு. அதன் மூல யோசனை அழகானது. வழக்கமான வலை முகவரி 'மேம்பாலத்துக்குக் கீழே மூன்றாவது கடை' என்பது போல. கடை மாறினால், அல்லது கடைக்காரர் பாட்டிலுக்குள் சர்க்கரைப் பாகை ஊற்றி வைத்திருந்தால், முகவரிக்கு அது தெரியாது. ஐபிஎஃப்எஸ் இடத்தைச் சொல்லாமல் சரக்கின் கைரேகையைச் சொல்கிறது. கோப்பை ஒரு கணக்கில் போட்டால் அதற்கே உரிய நீளமான ஒரு குறியீடு வரும். கோப்பில் ஒரு கால்புள்ளி மாறினாலும் குறியீடு மொத்தமாக வேறாகிவிடும். 'இந்தக் கைரேகை உள்ள சரக்கு யாரிடம் இருக்கிறது?' என்று கேட்டால், வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் தரலாம். வந்த பிறகு கைரேகையை ஒப்பிட்டால் கலப்படம் தெரிந்துவிடும். தேனுக்கு இப்படி ஒன்று இருந்தால் சித்தப்பா கோயில் கட்டிக் கும்பிடுவார். ஒரே குறை, யாராவது ஒருவராவது அந்தக் கோப்பைத் தன்னிடம் வைத்திருக்க வேண்டும். யாருமே வைத்திருக்காவிட்டால் கைரேகையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியாக பிளாக்செயின். 2008ல் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவரோ பலரோ பிட்காயின் என்ற டிஜிட்டல் காசு பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். 2009 ஜனவரியில் அது ஓட ஆரம்பித்தது. அதன் அடியில் இருக்கும் பிளாக்செயின் என்பது ஒரு கணக்குப் புத்தகம். அதன் நகல் ஆயிரக்கணக்கான கணினிகளில். யாரும் தனியாகத் திருத்த முடியாது. 2015ல் வந்த எத்தீரியம் அந்தப் புத்தகத்துக்குள் சின்ன நிரல்களையும் ஓட விட்டது. எத்தீரியத்தைக் கட்டியவர்களில் ஒருவரான கேவின் வுட் 2014லேயே இந்தப் பாணிக்கு வைத்த பெயர்தான் பிறகு வெப்3 என்று பிரபலமானது. பலருக்கு மையமில்லா இணையம் என்றால் இது மட்டும்தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று ஒருவரையொருவர் நம்பாதவர்கள் கணக்கு வைக்க இது பொருத்தம். ஒரு தேன் வீடியோவைப் போட்டு வைக்க அந்தப் புத்தகம் தேவையில்லை, செலவும் தாங்காது. வலையை உருவாக்கிய பெர்னர்ஸ்-லீயே 2022ல் வெப்3 என்பது வலை அல்ல என்ற பொருளில் பேசினார். அவருடைய சாலிட் திட்டம் வேறு பாதை: உங்கள் தகவல் உங்கள் பெட்டகத்தில் இருக்கும், செயலிகள் வந்து அனுமதி கேட்டுப் படித்துப் போகும். இந்த வார்த்தைகளைச் சொல்லி 'மாதம் இத்தனை சதவீதம்' என்று யாராவது உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். காசு கொடுக்காதீர்கள்.

சொல்லாமல் விடும் சங்கதிகள்

நடுவில் ஆள் இல்லையென்றால் திட்டுவதற்கும் ஆள் இல்லை. பாஸ்வேர்டு மறந்தால் கம்பெனியில் கேட்கலாம். பிட்காயினைத் திறக்கும் ரகசியக் குறியீடான சாவியைத் தொலைத்தால் தொலைத்ததுதான். ஆபாசமும் அவதூறும் வந்தால் அகற்றுவது யார்? மாஸ்டடானில் அந்தந்த சர்வர் நடத்துபவர். சம்பளம் இல்லாமல் ராத்திரி உட்கார்ந்து வசவுகளை வடிகட்டிக்கொண்டிருந்தவர்கள் களைத்துப்போய் சர்வரை மூடியதும் நடந்திருக்கிறது. திறந்த நெறிமுறையான மின்னஞ்சலிலேயே இன்று சொந்த சர்வர் வைத்து அனுப்பிப் பாருங்கள், பாதி ஸ்பேமில் போய் விழும். பெரிய பெட்டிக்காரர்கள் சின்னப் பெட்டியைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

அடியில் இருக்கும் மின்சாரமும் கேபிளும் வேறு கதை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பரையும் வாழையையும் மின்கம்பங்களையும் சாய்த்துப் போட்டபோது, பல ஊர்களுக்குக் கரண்டு வர நாள் கணக்கில் ஆனது. செல்போன் சிக்னலும் அப்படித்தான். மென்பொருள் எவ்வளவு பரவலாக இருந்தாலும் அன்றைக்கு அது யாருக்கும் உதவியிருக்காது.

இன்னொன்று. வீடு மாறும் உரிமை தொழில்நுட்பத்தால் மட்டும் வருவதில்லை. பழைய சிம் கார்டுக் காலத்தை நினைத்துப் பாருங்கள். கம்பெனி மாறினால் நம்பர் போகும். நம்பருக்குப் பயந்தே மோசமான சிக்னலோடு குடும்பம் நடத்தினோம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறலாம் என்று ஆனது. எந்தக் கம்பெனியும் பெரிய மனசு பண்ணித் தரவில்லை. அரசு விதி போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இப்போது அதே வழியில் போகிறது. அங்கே கொண்டுவந்த சட்டத்தின்படி வாட்ஸ்அப் போன்ற பெரிய செயலி, வேறு செயலி கேட்டால் செய்தி பரிமாற வழி விட வேண்டும். சித்தப்பாவின் பக்கத்துக்கு அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் நான் இவ்வளவு விளக்க வேண்டி வந்திருக்காது.

சரி, அவருக்கு என்ன செய்தோம்? புரட்சி ஒன்றும் இல்லை. தேன் பெயரில் ஒரு டொமைன் வாங்கினோம், வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள். அதில் ஒரே ஒரு பக்கம்: படம், விலை, போன் நம்பர், மின்னஞ்சல். அந்த வீடியோ முதலில் அங்கே ஏறும், அப்புறம்தான் மற்ற இடங்களுக்குப் போகும். சமூக வலைத்தளத்தில் புதுக் கணக்கும் திறந்தோம். ஆட்கள் அங்கேதானே இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பதிவின் அடியிலும் சொந்த முகவரி. பாட்டில் லேபிளிலும் அச்சடித்தாயிற்று. எழுத்து சிறிது என்று சித்தி குறை சொன்னாள், இரண்டாவது அச்சில் பெரிதாக்கினோம். வாங்குகிறவர் பெயரும் நம்பரும், அவர்கள் சம்மதித்தால், நீலக் கலர் நோட்டுப் புத்தகம் ஒன்றில் ஏறும். இதுவரை அறுநூற்றுச் சொச்சம் பேர். நாலாயிரம் இல்லைதான், ஆனால் நோட்டு அலமாரியில் இருக்கிறது.

போன மாசம் டொமைன் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்தது. சித்தப்பா உடனே போன் போட்டார்.

"எடே, சொந்த வீடுன்னு சொன்னே. வருஷா வருஷம் காசு கேக்கான்?"

ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன். டொமைன் பெயர் என்பது விலைக்கு வாங்குவதில்லை, குத்தகை. 1983ல் பால் மொகபெட்ரிஸ் வகுத்த பெயர் முறை தலைகீழ் மரம் மாதிரி. உச்சியில் ஒரு வேர், அதிலிருந்து கிளைகள். அந்த வேரை ஐகேன் என்ற அமைப்பு 1998 முதல் பார்த்துக்கொள்கிறது. இதற்கும் மையம் வேண்டாம் என்று பிளாக்செயினில் பெயர் வைக்கும் முயற்சிகள் உண்டு, ஆனால் சாதாரண பிரவுசர் அந்தப் பெயர்களை நேரடியாகத் திறக்காது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் புகைபோடும் தகரப் பெட்டியின் துருத்திச் சத்தம் மட்டும் கேட்டது.

"குத்தகைன்னா நாம கெட்டாட்டி வேற ஒருத்தன் எடுத்துக்கிடுவானா?"

"எடுத்துக்கிடலாம்."

"அப்போ மூணு வருஷத்துக்குச் சேத்துக் கெட்டிரு மக்கா. இப்போ வையி, கையெல்லாம் தேன்."